இதழின் அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் எழுத்துரு தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன டிடிபி (கணினியில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும்) அலுவலகத்தில் 22 வருடமாகப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடுக்ககச் சங்கத்தின் மாத இதழ், கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், நண்பர்கள் நான்கு பேர் கைக்காசைப் போட்டு நடத்தும் சிற்றிதழ் எல்லாம் இந்த மேசைக்கு வந்திருக்கின்றன. ஜனவரியில் புத்தகக் காட்சி வருவதால், நவம்பர் பிறந்தாலே புதிதாக இதழ் தொடங்குகிறவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பிப்பார்கள். அவர்கள் எல்லோரும் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அட்டை எழுத்தை முதலில் முடிவு செய்துவிடலாமா?

வேண்டாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் ஓர் அட்டைப் படத்தோடுதான் வருகிறார்கள். உள்ளே என்ன எழுத்து என்று கேட்டால், "அது ஏதாவது நார்மலா போட்டுக்கலாம் சார்" என்பார்கள். அந்த "ஏதாவது" என்பதைத்தான் வாசகர் ஒரு மணி நேரம் படிக்கப் போகிறார். அட்டையைப் பார்ப்பது சில நொடி.

கணக்குப்படி பார்த்தாலும் உள்பக்கம்தான் முதலில். ஓர் எழுத்துரு சற்று அகலமாக இருந்தால், 48 பக்கத்தில் அடங்கும் மேட்டர் 51 பக்கம் போகும். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 48 என்றால் சரியாக 3 ஃபாரம். மீதி 3 பக்கத்துக்காகப் புதிதாக ஒரு கால் ஃபாரமோ அரை ஃபாரமோ போட வேண்டும், அதற்குத் தனி பிளேட் (அச்சுத் தகடு), தனிச் செலவு. ஆகவே உள்பக்க எழுத்து, அதன் அளவு, தாள் மூன்றையும் உறுதி செய்துகொண்டு அப்புறம் அட்டைக்கு வாருங்கள்.

உள்பக்கத்துக்கு எந்த எழுத்துரு நல்லது?

பெயரைச் சொல்வதற்கு முன்னால், எதைப் பார்த்துத் தேர்வது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் நாளை புதிதாக வரும் எழுத்துருவையும் நீங்களே எடை போடலாம்.

ஒரு பத்தியை அடித்து, அச்சில் வரப்போகும் அதே அளவில் காகிதத்தில் பிரிண்ட் எடுங்கள். அந்தப் பத்தியில் இந்த மாதிரி சொற்கள் இருக்கட்டும்: நூறு ரூபாய், மூஞ்சூறு, கிணற்றுத் தண்ணீர், கூழ், வௌவால், ஔவை, ஸ்ரீரங்கம், பக்ஷி. தமிழில் எழுத்துரு தடுக்கி விழும் இடங்கள் இவைதான்.

'ரு'வும் 'ரூ'வும் பளிச்சென்று வேறாகத் தெரிகிறதா? பல எழுத்துருக்களில் கீழே வரும் ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். 10 பாயிண்டில் (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) அது மறைந்து போகும். 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி எண்ணிக்கைதான் வேறுபாடு. சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் போதுமான அளவு இல்லாவிட்டால் மை அடைத்துக்கொள்ளும். 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுபோல இருந்தால் 'மரம்' கூட ஒரு கணம் 'மாம்' என்று கண்ணில் படும். 'ஔ' என்பது 'ஒ'வும் 'ள'வும் பக்கத்தில் நிற்பதுபோல் இல்லாமல், ஒரே எழுத்தாகத் தெரிய வேண்டும். 'கி', 'கீ' மேல்விலங்கு மேல்வரியில் தொங்கும் எழுத்தோடு முட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் அது திடமாக, எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறதா? புள்ளி போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே, வெள்ளை எழுத்து பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இப்போது பெயர்கள். நீண்ட கட்டுரைக்கும் சிறுகதைக்கும் தடிப்பும் மெலிவும் கலந்த, பழைய ஈய எழுத்தின் சாயல் உள்ள எழுத்து எனக்குப் பிடிக்கும். நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் இரண்டும் அந்த வகை. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகக் கொடுத்திருக்கும் எழுத்துருக்களில் மருதத்தையும் எடுத்துப் பாருங்கள். செய்தி, குறிப்பு, சமையல், அட்டவணை போன்ற சிறு சிறு துண்டுகள் நிறைந்த இதழ் என்றால் ஒரே தடிப்பாக ஓடும் முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் பொருந்தும். இவற்றில் பல தடிப்புகள் இருப்பது ஒரு வசதி. முக்தா மலரில் 7, ஹிந்த் மதுரையில் 5. உபதலைப்பு, படக்குறிப்பு, பெட்டிச் செய்தி எல்லாவற்றையும் ஒரே குடும்பத்துக்குள் முடித்துவிடலாம்.

விண்டோஸோடு வரும் லதாவையும் நிர்மலாவையும் கேட்கிறார்கள். இரண்டும் திரைக்காகச் செய்தவை. கடிதம் அடிக்கப் போதும், 48 பக்கம் படிக்க வைக்க வேண்டாம்.

கணினியில் அழகாகத் தெரிந்த எழுத்து அச்சில் ஏன் வேறு மாதிரி வருகிறது?

திரையில் பக்கத்தைப் பெரிதாக்கித்தான் வேலை செய்கிறோம். 150 சதவீதத்தில் பார்த்துப் பார்த்து, அதுதான் உண்மையான அளவு என்று கண் நம்பிவிடுகிறது. இன்னொரு காரணம் தாள். செய்தித்தாள் அச்சாகும் நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சும், எழுத்து சற்றுப் பருத்து வரும். 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ என்ற வெள்ளைத் தாளில் கொஞ்சம் குறைவாகப் பருக்கும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் கோடு கூர்மையாக நிற்கும். ஆகவே நியூஸ்பிரிண்டுக்கு மெல்லிய எழுத்தை எடுக்கலாம், ஆனால் சுழிகள் விசாலமாக இருக்க வேண்டும். ஆர்ட் பேப்பருக்கு அதே மெல்லிய எழுத்தை எடுத்தால் வெளுத்துப் போய், பளபளப்பில் கண் கூசும்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உங்கள் இதழுக்கு நினைத்திருக்கும் தாளில் நான்கைந்து ஷீட் வாங்கி வந்து லேசர் பிரிண்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும். அச்சகத்தின் ஆஃப்செட் மை மாதிரி இராது என்றாலும், தாளின் நிறத்தில் எழுத்து எப்படி உட்காருகிறது என்பது தெரியும்.

எத்தனை பாயிண்ட் வைப்பது?

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. 11 பாயிண்ட் என்று இரண்டு எழுத்துருவில் வைத்தால், ஒன்று பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒதுக்கிய கற்பனைப் பெட்டிக்குள் எழுத்தை எவ்வளவு நிரப்பி வரைந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. 'க', 'த', 'ப' ஆகியவற்றின் உயரத்தை ஸ்கேலால் அளந்து ஒப்பிடுங்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். பொது வாசகர் இதழுக்கு 10.5 அல்லது 11, வரி இடைவெளி 15 அல்லது 16. ஆங்கிலத்தில் 10 பாயிண்டுக்கு 12 வைத்தால் போதும். தமிழில் மேலே விலங்கும் புள்ளியும், கீழே 'ழு', 'ஞ', 'கூ' போன்றவற்றின் வாலும் இருப்பதால் ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் போக வேண்டியிருக்கிறது. மென்பொருள் தானாக வைக்கும் இடைவெளியை அப்படியே விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அடுக்ககச் சங்க இதழ், கோயில் மலர் என்றால் 12-க்குக் கீழே இறங்கவே மாட்டேன். அவற்றை வரி விடாமல் படிக்கிறவர்கள் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். என் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படிப்பதைப் பார்த்திருக்கிறேன். துடைத்தால் தீருகிற குறை இல்லை அது, பக்கம் கட்டியவர் செய்த குறை.

பக்கத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சிறிதாக்கும் ஆசை பழையதுதான். 1710-களில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் ஈய எழுத்துகள் மிகப் பெரியவை, தாளைத் தின்றன. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பிற்பாடு சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய ஹண்ட், இன்னும் சிறிய, தெளிவான எழுத்துகளை உருவாக்கினார். 1862-ல் வின்ஸ்லோவின் தமிழ் அகராதி அந்த அச்சகத்தில்தான் அச்சானது. அவர்கள் எழுத்தைச் சிறிதாக்கியபோது அதற்கென்று புதிதாகச் செதுக்கினார்கள், சுழியைத் திறந்தார்கள். நாம் செய்வது 11 என்பதை 9 ஆக்குவது மட்டும். இரண்டும் ஒன்றல்ல.

பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரிப்பதா, மூன்றாகவா?

ஏ4 அளவு இதழ் என்றால் அகலம் 210 மி.மீ. இரு பக்கமும் 15 மி.மீ. விளிம்பு விட்டு, நடுவில் 5 மி.மீ. இடைவெளி வைத்தால், இரண்டு பத்தியில் ஒவ்வொன்றும் 87 மி.மீ. சொச்சம். மூன்று பத்தியில் 56 மி.மீ. சொச்சம். 56 மி.மீட்டரில் 11 பாயிண்ட் தமிழ் மூன்று, நான்கு சொல்தான் பிடிக்கும். 'பல்கலைக்கழகத்திலிருந்து' என்ற ஒரு சொல்லுக்கே 14 எழுத்து. இரு பக்கமும் சமமாக இழுத்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும்.

மூன்று பத்தி கட்டாயம் வேண்டுமென்றால் குறுகலான எழுத்துருவைப் பாருங்கள். அனெக் தமிழில் தடிப்பைப் போல அகலத்தையும் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எழுத்தை வடிவமைத்தவரே குறுக்கிக் கொடுத்தது அது. மென்பொருளில் 80 சதவீதம் என்று அடித்து நசுக்குவது வேறு. அப்படி நசுக்கினால் நிற்கும் கோடு மெலிந்து, படுத்த கோடு தடித்து, எழுத்தின் முகமே கோணிவிடும். இடப்பக்கம் மட்டும் சமமாக வைத்து வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவதும் நல்ல வழி. சிற்றிதழ்க்காரர்கள் இதற்கு உடனே ஒத்துக்கொள்வார்கள், மற்றவர்களிடம் கொஞ்சம் பேசவேண்டும்.

சொல்லை முறிக்க வேண்டி வந்தால் ஒரு விதி போதும்: அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது.

தமிழில் சாய்வெழுத்து போடலாமா?

டிரோ தமிழ் போலச் சிலவற்றில் சாய்வை முறையாக வரைந்தே கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் போடலாம். மற்றவற்றில் பொத்தானை அழுத்தினால் கணினி எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, 'ஐ', 'ஜ', 'ஞ' எல்லாம் விழப்போவதுபோல் நிற்கும். அழுத்தம் வேண்டிய இடத்தில் ஒற்றை மேற்கோளோ கொஞ்சம் தடித்த எழுத்தோ போதும்.

இதழின் பெயரை ரெடிமேட் எழுத்துருவில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எழுதி வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். தமிழில் வாரப் பத்திரிகைகளின் பெயர்கள் ஓவியர் கையால் வளர்ந்தவை. எழுத்தைப் படிக்காமலே, தூரத்திலிருந்து வளைவைப் பார்த்தே எந்தப் பத்திரிகை என்று சொல்லிவிடுவோம். பெயர் ஐந்தாறு எழுத்துதான். அந்த ஐந்தாறு எழுத்துக்கு ஓர் ஓவியரிடம் போவது பெரிய செலவில்லை. அதற்கும் வழியில்லை என்றால், பலூ தம்பி, கேட்டமரான் போன்ற தடித்த எழுத்தில் ஒன்றை எடுத்து, ஓர் எழுத்தை மட்டுமாவது கையால் மாற்றுங்கள். கொம்பின் சுழியைப் பெயரின் மேல் நீட்டலாம், இரண்டு எழுத்தைச் சேர்க்கலாம்.

பழமை தெரியவேண்டும் என்று சிலர் யானைத் தும்பிக்கை 'லை', 'னை' (ஐகாரக் குறி தும்பிக்கைபோல் எழுத்தோடு ஒட்டி வளையும் பழைய வடிவம்) கேட்கிறார்கள். பெரியார் 1935-ல் தம் இதழில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்கள் பழைய வடிவங்களைப் படித்ததில்லை. வரலாறு பேசும் இதழுக்கு அது அழகு. இளைஞர்களுக்கான இதழ் என்றால் முதல் பார்வையிலேயே வாசகரைத் தயங்கவைக்கும்.

பெயர் எங்கே உட்காருகிறது என்பதையும் கவனியுங்கள். நம் பெட்டிக்கடைகளில் பத்திரிகைகளைக் கயிற்றில் கிளிப் போட்டு ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். மேல்பகுதியோ இடப்பக்க ஓரமோதான் வெளியே தெரியும். பெயரின் முதல் இரண்டு எழுத்து அந்த இடத்தில் இருந்தால் தப்பித்தது. அச்சில் எடுத்த அட்டையைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள்.

அட்டையில் எத்தனை எழுத்துரு?

பெயரைத் தவிர்த்து ஒன்று. மிஞ்சிப் போனால் இரண்டு. உள்பக்கத் தலைப்புக்கு எடுத்த எழுத்தே அட்டையின் தலைப்பு வரிகளிலும் வந்தால், அட்டையைப் புரட்டினதும் வேறு வீட்டுக்குள் நுழைந்த உணர்வு வராது. கவிவனார் மாதிரி கையெழுத்துச் சாயல் உள்ளது ஒரு வரிக்கு அழகாக இருக்கும், ஐந்து வரிக்கு இராது.

அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து போடலாமா?

இதற்கு எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளியின் மலர். அட்டையில் கரும்பச்சை நிறப் பின்னணி, அதன்மேல் மெல்லிய வெள்ளை எழுத்தில் 'கல்விச் சிறப்பிதழ்'. திரையில் அவ்வளவு நளினம். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தேன். 'ல்' தலையில் இருந்த புள்ளியை மை மூடியிருந்தது. 'கல்வி' என்பது 'கலவி' என்று நின்றது. குழந்தைகள் கையில் கொடுக்கப்போகும் மலர். 1,200 பிரதிக்கும் ரேப்பரை (மேலட்டையை) மட்டும் கிழித்துவிட்டு, இரவோடு இரவாக வேறு அச்சடித்து ஒட்டினோம். அந்தச் செலவை நான் ஏற்றேன். அன்றிலிருந்து, மேசையைவிட்டு அட்டை போகுமுன் ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் தொட்டு எண்ணுகிறேன்.

காரணம் எளிது. கரும்பச்சை என்பது நான்கு மைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வருவது. நான்கு பிளேட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளை இடத்துக்குள் அந்த நிறம் புகும். மை பரவுவதும் சேர்ந்துகொள்ளும். பெரிய வளைவு அதைத் தாங்கும். புள்ளி தாங்காது. ஆகவே வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் ஒரு தடிப்பு கூட்டி எடுங்கள், 12 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள், முடிந்தால் பின்னணியை ஒரே மையில் வையுங்கள். புள்ளி சின்னதாக இருக்கும் எழுத்துருவில் புள்ளியை மட்டும் கையால் பெரிதாக்கினாலும் தவறில்லை. அதேபோல் உள்பக்கத்தின் கறுப்பு எழுத்து கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மை கலந்த கறுப்பாக இருந்தால் எழுத்தைச் சுற்றி நிழல் ஆடும்.

எங்களிடம் பழைய எழுத்துருவில் அடித்த மேட்டர் இருக்கிறது. யூனிகோடுக்கு மாற வேண்டுமா?

மாறிவிடுங்கள். யூனிகோடில் எல்லா எழுத்துருவுக்கும் ஒரே குறியேற்றம் (எழுத்தைக் கணினி சேமிக்கும் எண் முறை). பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் மென்பொருள் காலத்து எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றம். இங்கே அடித்தது அங்கே திறந்தால் கட்டம் கட்டமாக வரும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றத் தரங்கள் வந்தன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இன்று நல்ல எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோடில்தான் வருகின்றன.

என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். ஆனால் மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்க்காமல் பக்கம் கட்டாதீர்கள். நடுவில் இருந்த ஆங்கிலச் சொல்லும் தமிழாக மாறிக் குப்பையாகியிருக்கும், மேற்கோள் குறிகள் ஏதோ எழுத்தாகியிருக்கும், 'ரி' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் விலங்கும் சேர்ந்து நிற்கும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவதால் இந்தக் கடைசிப் பிழைதான் மிகவும் தப்பிப்போகும்.

பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் 'கொ' என்பது கொம்பு பின்னால் போய் உடைந்து வந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். பாரா அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லும் எண்களும்?

தமிழ் எழுத்துருவோடு கூடவே ஆங்கிலமும் இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் வேறு ஒன்றை எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆங்கிலத்தைக் கால், அரை பாயிண்ட் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டின் கறுப்பும் ஒன்றாகத் தெரியும்போது நிறுத்துங்கள். ரூபாய்க் குறியீடு 2010-ல்தான் வந்தது. அதற்கு முன் செய்த எழுத்துருவில் அது இராது, விலைப் பட்டியல் போடுமுன் பாருங்கள்.

இலவச எழுத்துருவை விற்பனை இதழில் பயன்படுத்தலாமா?

மேலே சொன்ன நோட்டோ, முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், அனெக், டிரோ, பலூ தம்பி, கவிவனார் எல்லாம் திறந்த உரிமத்தில் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு) வருபவை. அச்சடித்து விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. பென்டிரைவில் யாரோ கொடுத்தது என்றால், அது யாருடையது என்று தெரியும்வரை தொடாதீர்கள். ஒரு தமிழ் எழுத்துருவை வரைந்து முடிக்க ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்கிறார். விலை வைத்திருந்தால் கொடுத்து வாங்குங்கள்.

ஒருமுறை வைத்த எழுத்தை எப்போது மாற்றலாம்?

தலைப்பு எழுத்தை ஆண்டு மலர் சமயத்தில் மாற்றிக்கொள்ளலாம். மேட்டர் எழுத்தை, குறை இருந்தாலொழிய, மாற்றாதீர்கள். வாசகர் கண் அதற்குப் பழகியிருக்கும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழையதிலும் புதியதிலும் ஒரே பக்கத்தை எடுத்து, நான்கைந்து வாசகர்களிடம் கொடுங்கள். "எது அழகு?" என்று கேட்கவேண்டாம். படிக்கச் சொல்லிவிட்டு, எந்த வரியில் நின்று திரும்பப் படிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.